புதுச்சேரியில் இலங்கை வானொலி

கதிர்காமம் என்ற பெயரில் இரண்டு ஊர்கள் உண்டு. ஒன்று இலங்கையின் தென்கிழக்கில் உள்ள புகழ்பெற்ற முருகத்தலம். மற்றொன்று புதுச்சேரி நகரின் வடமேற்குப் பகுதி. இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரி இங்குதான் இருக்கிறது. 1950களிலிருந்து 1980களின் தொடக்கம் வரை, புதுச்சேரிக் கதிர்காமத்திலும் தமிழகக் கடற்கரை ஊர்கள் பலவற்றிலும் ஒருவர் தமிழ்த் திரைப்பாடல் கேட்க விரும்பினால், வானொலியின் முள்ளைத் திருப்பிய இடம் பெரும்பாலும் சென்னையோ திருச்சியோ அல்ல, கொழும்பு. மக்கள் அதை ‘சிலோன் ரேடியோ’ என்றார்கள். தமிழ்த் திரைப்பாட்டு வானொலியின் பொற்காலம் என்று அந்தத் தலைமுறை இன்றும் ஏக்கத்துடன் பேசுவது இந்த முப்பது ஆண்டுகளையே.

தமிழ்நாட்டில் எழுதி, இசையமைத்து, பதிவு செய்த பாட்டு வேறொரு நாட்டிலிருந்து ஏன் வரவேண்டியிருந்தது? இந்திய அரசின் ஒரு முடிவும் உலகப்போர் விட்டுச்சென்ற ஓர் ஒலிபரப்புக் கருவியும் இதற்குக் காரணங்கள்.

போர் விட்டுச்சென்ற கருவி

இலங்கையில் முறையான ஒலிபரப்பு 1925 டிசம்பரில் தொடங்கியது. தந்தித் துறைப் பொறியாளர் எட்வர்ட் ஹார்ப்பர் இதற்கு முன்னின்றார். லண்டனில் பி.பி.சி. தொடங்கி மூன்றாண்டுகளே ஆகியிருந்தன. ஆனால் அந்தச் சிறிய நிலையம் கடல் கடந்து கேட்கும் வலுவுடையதல்ல. இரண்டாம் உலகப்போரின்போது மவுண்ட்பேட்டன் தலைமையிலான நேசநாடுகளின் தென்கிழக்கு ஆசியப் படைத் தலைமையகம் இலங்கைக்கு வந்தது. படைவீரர்களுக்காக ‘ரேடியோ சீயாக்’ என்ற வானொலி நடத்தப்பட்டது. அதற்காகக் கொழும்பை அடுத்த ஏக்கலையில் 100 கிலோவாட் சிற்றலை ஒலிபரப்பி நிறுவப்பட்டது. போர் முடிந்து படைகள் போயின. கருவி இலங்கை அரசின் கைக்கு வந்தது.

1949இல் ‘ரேடியோ சிலோன்’ என்ற பெயர் ஏற்பட்டது. 1950இல் வர்த்தக சேவை தொடங்கியது. ஆஸ்திரேலியரான கிளிஃபர்ட் டாட் அதன் வளர்ச்சிக்குப் பொறுப்பேற்றார். ஆங்கிலம், இந்தி, தமிழ் ஆகிய மொழிகளில் இந்தியாவை நோக்கி நிகழ்ச்சிகள் அனுப்பப்பட்டன. நோக்கம் விளம்பர வருவாய். இந்திய நிறுவனங்கள் பணம் கொடுத்தன, இந்திய நேயர்கள் கேட்டார்கள், இடையில் கொழும்பு இருந்தது. கலைத்தொண்டு என்று இதைப் பின்னாளில் பலரும் எழுதினாலும், தொடக்கத்தில் இது நல்ல வியாபாரம்.

கேஸ்கரின் கொள்கை

1952இல் பி. வி. கேஸ்கர் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சரானார். செவ்வியல் இசையில் ஆழ்ந்த பற்றுள்ளவர். திரையிசை மக்களின் ரசனையைக் கெடுக்கிறது என்று கருதினார். அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களின் நேரம் வெட்டப்பட்டது. பாடல்கள் தணிக்கைபோலத் தேர்வு செய்யப்பட்டன. பாடகர் பெயரைச் சொல்லலாம், படத்தின் பெயரைச் சொன்னால் அது விளம்பரமாகிவிடும் என்று அதுவும் நிறுத்தப்பட்டது. சினம் கொண்ட தயாரிப்பாளர்கள் ஒலிபரப்பு உரிமையை விலக்கிக்கொண்டனர். கேஸ்கர் திரைப்பாட்டைத் ‘தடை செய்தார்’ என்று ஒரே வரியில் சொல்வது வழக்கம். உண்மையில் நடந்தது இரு தரப்பும் சேர்ந்து உண்டாக்கிய வறட்சி.

அந்த வறட்சியில் கொழும்பு புகுந்தது. 1952 டிசம்பரில் இந்தியில் அமீன் சயானியின் ‘பினாக்கா கீத்மாலா’ தொடங்கி வட இந்தியாவைக் கட்டிப்போட்டது. தெற்கே தமிழ்ச் சேவை அதே வேலையைச் செய்தது.

இதில் புதுச்சேரியின் நிலை சற்று விசித்திரமானது. கேஸ்கர் அமைச்சரானபோது புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. 1954 நவம்பர் 1இல்தான் நிர்வாகம் இந்தியாவுக்கு மாறியது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16இல் நடந்தது. ஆனால் அலைகள் எல்லை பார்ப்பதில்லை. அந்தப் பிரெஞ்சு ஊரிலும் தமிழ் கேட்க விரும்பியவர் சென்னை, திருச்சி நிலையங்களைத்தான் நம்பியிருந்தார். ஆகவே டெல்லியின் கொள்கை, புதுச்சேரி இந்தியாவோடு சேர்வதற்கு முன்பே அதன் வானொலிப் பெட்டிக்குள் வந்துவிட்டது.

அலை வந்த வழி

கொழும்பும் புதுச்சேரியும் ஏறத்தாழ ஒரே தீர்க்கரேகையில் உள்ளன. கொழும்பிலிருந்து நேர் வடக்கே சுமார் 550 கிலோமீட்டரில் புதுச்சேரி. சிற்றலை வானத்தின் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி, இவ்வளவு தொலைவை எளிதில் கடக்கும். மத்தியலை தரையையொட்டிச் செல்லும்போது நிலத்தில் விரைவாக வலுவிழக்கும். உப்புக் கடல்நீர் மின்சாரத்தை நன்கு கடத்துவதால் கடலின் மேல் அவ்வளவாக வலுவிழக்காது. கடற்கரை ஊர்களுக்கு இது இயற்கையே கொடுத்த சலுகை. இரவில் மத்தியலையும் வானத்தில் பட்டுத் திரும்பும் என்பதால் உள்நாட்டிலும் கொழும்பு கேட்டது.

கேட்பு எப்போதும் தெளிவாக இருந்ததில்லை. குரல் நெருங்கி வரும், பிறகு மெல்ல விலகும். பாட்டின் நடுவே கரகரப்பு ஏறும். வால்வு ரேடியோவைத் திருகினால் அது சூடாகிப் பேசத் தொடங்கச் சிறிது நேரம் பிடிக்கும். கம்பிவலை ஏரியலை வீட்டுக்குள்ளோ மாடியிலோ நீளமாகக் கட்டியிருப்பார்கள். அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் பணம் கட்டி லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டும். மர்ஃபி, பிலிப்ஸ், புஷ் பெட்டிகள் வசதியுள்ள வீட்டின் அடையாளம். மற்றவர்களுக்கு டீக்கடையும் முடிதிருத்தகமும் இருந்தன. 1960களில் டிரான்சிஸ்டர் பரவிய பிறகுதான் பாட்டு வயல் வரப்புக்கும் சைக்கிள் கைப்பிடிக்கும் வந்தது.

இன்னொரு வசதியை யாரும் திட்டமிடவில்லை. அந்நாளில் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் ஒரே நேரம். கொழும்பு அறிவிப்பாளர் மணி சொன்னால் புதுச்சேரியில் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளலாம். இலங்கை தன் நேரத்தை மாற்றியது 1996இல்தான். அதற்குள் பொற்காலம் முடிந்திருந்தது.

குரல்கள்

பாட்டு மட்டும்தான் காரணம் என்றால் இந்த ஏக்கம் இவ்வளவு நாள் நீடித்திருக்காது. அதே பாடல்கள் இன்று கைப்பேசியில், கரகரப்பில்லாமல், கேட்ட நொடியில் கிடைக்கின்றன. கிடைக்காதது பாட்டுக்கு முன்னும் பின்னும் வந்த பேச்சு.

வர்த்தக சேவையின் முதல் தமிழ் அறிவிப்பாளர் எஸ். பி. மயில்வாகனம். அவருக்குப் பின் எஸ். கே. பரராஜசிங்கம், ராஜேஸ்வரி சண்முகம், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீது, வி. என். மதியழகன், நடராஜ சிவம் எனப் பலர் வந்தனர். காலையில் ‘பொங்கும் பூம்புனல்’ ஒலித்தது. பிறந்தநாள் வாழ்த்து நிகழ்ச்சியும் நேயர் விருப்பமும் ஊர்ப்பெயர்களைக் கடலுக்கு அப்பாலிருந்து உச்சரித்தன. தன் பெயர் கொழும்பில் வாசிக்கப்படுமா என்று ஒரு தபால் அட்டையை அனுப்பிவிட்டு வாரக்கணக்கில் காத்திருப்பது அன்றைய பொழுதுபோக்குகளில் ஒன்று. ‘இசையும் கதையும்’ ஒரு சிறுகதையைத் திரைப்பாடல்களின் இடையிடையே சொல்லிச்செல்லும் வடிவம். கொடுத்த எழுத்தில் தொடங்கும் பாடலைப் பாடும் ‘பாட்டுக்குப் பாட்டு’ அப்துல் ஹமீதின் பெயரோடு ஒட்டிக்கொண்டது. பின்னாளில் அவரே அதைத் தமிழகத் தொலைக்காட்சிக்கும் கொண்டுவந்தார்.

கே. எஸ். ராஜா தனிவகை. மூச்சுவிடாத வேகம், ஆனால் ஒரு சொல்கூட மழுங்காது. திரைப்பட வசனத் துண்டுகளை வெட்டி எடுத்துத் தன் அறிவிப்புக்குப் பதில் சொல்வதுபோலப் பொருத்துவார். ‘திரைவிருந்து’ நிகழ்ச்சியில் படத்தைவிட அவரது விளம்பரம் சுவையாக இருந்தது என்று சொன்னவர்கள் உண்டு. இன்றைய பண்பலைத் தொகுப்பாளர்களின் வேகப்பேச்சுக்கு அவரை முன்னோடி என்பார்கள். வேகத்தைப் பொறுத்தவரை அது சரி. உச்சரிப்பைப் பொறுத்தவரை சரியென்று சொல்வது கடினம்.

இவர்கள் பேசியது யாழ்ப்பாணப் பேச்சுவழக்கு அல்ல, சென்னை வழக்கும் அல்ல. இரு கரையினருக்கும் விளங்கும் ஒரு பொதுத்தமிழை ஒலிவாங்கிக்கென்றே உருவாக்கிக்கொண்டார்கள். தமிழகத்தார் அன்றாடம் புழங்காத ‘கூட்டுத்தாபனம்’ போன்ற சொற்கள் இந்த வழியாகவே இங்கு காதுக்குப் பழகின. 1967இல் ரேடியோ சிலோன் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமாக மாறியபோது அந்த நீளமான பெயரையும் சிறுவர்கள் ஒரே மூச்சில் சொல்லிப் பார்த்தார்கள்.

மறுதிசையில் வந்த பாட்டு

போக்குவரத்து ஒருவழிப்பாதையாகவே இருக்கவில்லை. இலங்கைத் தமிழர் தமக்கென ‘பொப்’ இசையை உருவாக்கினர். (தமிழக எழுத்தில் ‘பாப்’.) நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’, ஏ. இ. மனோகரனின் ‘சுராங்கனி’ ஆகியவை திரைப்படத்தின் துணையில்லாமல் புகழடைந்த தமிழ்ப் பாடல்கள். அந்நாளில் இது அரிது. சிங்களமும் தமிழும் கலந்த ‘சுராங்கனி’ தமிழகமெங்கும் பரவியது. 1977இல் வந்த ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தில் இளையராஜாவின் இசையில் அது திரைப்பாடலாகவும் மாறியது. மனோகரன் தமிழகத்தில் ‘சிலோன் மனோகர்’ என்றே அறியப்பட்டார். பரராஜசிங்கம் ஈழத்து மெல்லிசைப் பாடல்களுக்கு இடம் பெற்றுத்தர உழைத்தார். எனினும் அவை திரைப்பாடல்களின் வெள்ளத்தில் அவ்வளவாக மேலெழவில்லை.

தேய்வு

இந்திய அரசு தன் தவற்றை விரைவிலேயே உணர்ந்தது. 1957 அக்டோபர் 3இல் விவித் பாரதி தொடங்கப்பட்டது. 1967இல் விளம்பரமும் அனுமதிக்கப்பட்டது. அதே 1967இல் புதுச்சேரிக்குச் சொந்தமாக அகில இந்திய வானொலி நிலையம் கிடைத்தது. அது கதிர்காமத்தை அடுத்த இந்திரா நகர்ப் பகுதியில் இயங்குகிறது. உள்ளூர்ச் செய்தி, வேளாண் நிகழ்ச்சி, நாடகம், செவ்வியல் இசை என அதன் பணி வேறு. திரைப்பாட்டுக்கு நேயர்கள் மேலும் சில ஆண்டுகள் கொழும்பையே தேடினார்கள்.

1975இல் சென்னையில் தொலைக்காட்சி வந்தது. வெள்ளிக்கிழமைகளில் ‘ஒலியும் ஒளியும்’ தெருவைக் காலியாக்கியது. 1980களில் டேப்ரெக்கார்டர் வீட்டுக்கு வீடு வந்தபின், வேண்டிய பாட்டுக்காகக் காத்திருக்கும் தேவையே போய்விட்டது. போர்தான் இலங்கை வானொலியைத் தமிழகத்திடமிருந்து பிரித்தது என்று சொல்லப்படுவது பாதி உண்மை. கேட்பவர்கள் ஏற்கெனவே குறையத் தொடங்கியிருந்தனர்.

ஆனால் 1983 ஜூலையில் தமிழர்கள் மீது நடந்த வன்முறை அந்தக் குரல்களின் பொருளையே மாற்றிவிட்டது. அதுவரை புதுச்சேரி நேயருக்குக் கொழும்பு என்றால் பாட்டு. அதன்பின் கொழும்பு என்றால் எரிந்த வீடுகள், கடல் கடந்து வந்த அகதிகள். ஒலிபரப்பு நின்றுவிடவில்லை. அறிவிப்பாளர்கள் சிலர் புலம்பெயர்ந்தார்கள், சிலர் தங்கிப் பணியைத் தொடர்ந்தார்கள். கே. எஸ். ராஜா 1989இல் கொழும்பில் கொல்லப்பட்டார். தமிழகத்தில் அவரைக் குரலால் மட்டுமே அறிந்திருந்த பலருக்கு அந்தச் செய்தி வெகுகாலம் கழித்தே தெரியவந்தது.

எஞ்சியவை

இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் இசைத்தட்டு நூலகம் பழைய இந்தித் திரைப்பாடல்களுக்கும் தமிழ்த் திரைப்பாடல்களுக்கும் தெற்காசியாவில் பேர்பெற்றது. அங்கே பாட்டு இருக்கிறது. நேரலையில் பேசப்பட்ட அறிவிப்புகளோ பெரும்பாலும் பதிவாகவில்லை. ஒலிநாடா விலை அதிகம், அன்றாடப் பேச்சைச் சேமிக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை. இன்று இணையத்தில் கிடைக்கும் துணுக்குகள் பலவும் நேயர்கள் ரேடியோவுக்கு எதிரே டேப்ரெக்கார்டரை வைத்துப் பதிந்தவை. பாட்டைப் பிடிப்பதற்காகப் பொத்தானை அழுத்தியவர்கள், அறிவிப்பாளரின் குரல் வந்ததும் அதை நிறுத்தப் பார்த்திருக்கிறார்கள். நிறுத்தத் தாமதமான இடங்களில்தான் ராஜாவும் ராஜேஸ்வரி சண்முகமும் இரண்டு மூன்று நொடிகள் கேட்கிறார்கள். பின்னணியில் சிற்றலையின் இரைச்சலோடு வீட்டுப் பாத்திரச் சத்தமும் கேட்கும்.

புதுச்சேரியில் இப்போது அகில இந்திய வானொலியின் ரெயின்போ 102.8 மெகாஹெர்ட்சில் ஒலிக்கிறது. தனியார் பண்பலைகளும் உண்டு. நாள் முழுவதும் திரைப்பாட்டு, படத்தின் பெயரோடு.