அறுபது விநாடிக் கெடு

2003, ஆகஸ்ட் மாதம். உங்கள் வீட்டில் அப்போது விண்டோஸ் எக்ஸ்பி போட்ட கம்ப்யூட்டர் இருந்ததா? இருந்திருந்தால் இந்தக் காட்சி ஞாபகத்துக்கு வரும். மோடம் 'கொய்ங்...' என்று கத்தி முடித்து, இணையத்துக்குள் நுழைந்து ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. திரை நடுவே ஒரு சின்னப் பெட்டி முளைக்கும். 'கம்ப்யூட்டர் அணையப் போகிறது, வேலையை முடித்துக்கொள்' என்கிற தோரணையில் ஒரு அறிவிப்பு. கீழே கெடு ஓடும். 60... 59... 58...

என் வீட்டில் இந்தக் கூத்து மூன்று நாள் நடந்தது. கம்ப்யூட்டர் விற்ற கடைக்காரருக்குப் போன் போட்டேன். "சார், அதான் ஆன்ட்டி வைரஸ் போட்டுக் குடுத்திருக்கேனே, அப்புறம் எதுக்குப் பயப்படறீங்க?" என்றார். போட்டுத்தான் கொடுத்திருந்தார். ஆனால், அது இந்தப் புது ஆசாமியைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் அப்டேட் செய்யணும். அப்டேட் செய்ய இணையத்துக்குப் போகணும். போனால்... 60, 59, 58!

அந்த மூன்று நாளில்தான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. ஆன்ட்டி வைரஸ் வேறு, ஃபயர்வால் வேறு. இரண்டும் வெவ்வேறு பயத்தில் பிறந்தவை. எங்கே, எப்படிப் பிறந்தன என்று பார்த்துவிட்டால், எதை வாங்குவது, எதை வாங்கவே வேண்டாம் என்பதில் குழப்பம் பாதி தீர்ந்துவிடும். வாருங்கள், முதலில் லாகூருக்குப் போவோம்.

1986. பாகிஸ்தானின் லாகூரில் பாசித் ஃபாரூக் அல்வி, அம்ஜத் ஃபாரூக் அல்வி என்று இரண்டு சகோதரர்கள். கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தார்கள். மருத்துவத் துறைக்காக ஒரு சாஃப்ட்வேர் எழுதி விற்றார்கள். ஊரில் பாதிப்பேர் காசு கொடுக்காமல் ஃப்ளாப்பியில் காப்பி அடித்துக்கொண்டார்கள். கடுப்பாகுமா, ஆகாதா? காப்பி அடிப்பவனைப் பிடிக்க ஒரு குட்டி புரோகிராம் எழுதினார்கள். அது ஃப்ளாப்பியின் பூட் செக்டாரில், அதாவது கம்ப்யூட்டர் முதன்முதலில் படிக்கும் பகுதியில், போய் உட்கார்ந்துகொள்ளும். அந்த ஃப்ளாப்பியின் பெயரை 'பிரெயின்' என்று மாற்றிவிடும். வேறு ஃப்ளாப்பி போட்டால் அதற்கும் தாவும்.

வேடிக்கை என்னவென்றால், அதற்குள் தங்கள் பெயர், கடை விலாசம், போன் நம்பர் எல்லாவற்றையும் எழுதிவைத்தார்கள். 'வைரஸ் இருக்கிறது, ஜாக்கிரதை. தடுப்பூசிக்கு எங்களைத் தொடர்பு கொள்ளவும்' என்ற பொருளில் ஒரு குறிப்பு வேறு! திருடன் விசிட்டிங் கார்டு வைத்துவிட்டுப் போன மாதிரி. கொஞ்ச நாளில் அமெரிக்காவிலிருந்தெல்லாம் போன் வர ஆரம்பித்தது. அண்ணன் தம்பி ஆடிப்போனார்கள். ஐ.பி.எம். வகைக் கம்ப்யூட்டர்களுக்கு வந்த முதல் வைரஸ் அதுதான் என்று இன்று எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். 2011-ல் ஃபின்லாந்தைச் சேர்ந்த வைரஸ் நிபுணர் மிக்கோ ஹிப்பொனென் அந்தப் பழைய விலாசத்தைத் தேடிக்கொண்டு லாகூர் போனார். கதவைத் தட்டினால்... திறந்தவர்கள் அதே சகோதரர்கள். அதே இடத்தில் இன்டர்நெட் சேவை கம்பெனி நடத்திக்கொண்டிருந்தார்கள்!

பிரெயினைப் பற்றிப் படித்துவிட்டு அமெரிக்காவில் ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். லாக்ஹீட் கம்பெனியில் வேலை பார்த்த ஜான் மெக்காஃபி. 1987-ல் வைரஸைப் பிடிக்கும் புரோகிராமை எழுதி விநியோகிக்க ஆரம்பித்தார். 1992-ல் அவருக்கு ஒரு ஜாக்பாட் அடித்தது. மைக்கேலாஞ்சலோ வைரஸ்! மார்ச் 6-ம் தேதி, அந்த ஓவியர் பிறந்த நாளன்று, ஹார்டு டிஸ்க்கின் தொடக்கப் பகுதியை அழித்துவிடும். 50 லட்சம் கம்ப்யூட்டர்கள்வரை போகலாம் என்று மெக்காஃபி சொன்னதாகப் பத்திரிகைகள் அலறின. ஜனங்கள் முண்டியடித்து ஆன்ட்டி வைரஸ் வாங்கினார்கள். மார்ச் 6 வந்தது, போனது. பாதிக்கப்பட்டவை 10 முதல் 20 ஆயிரம் கம்ப்யூட்டர்கள் இருக்கலாம் என்பது பிற்பாடு வந்த மதிப்பீடு. மெக்காஃபி கம்பெனியோ அதே வருடம் பங்குச்சந்தைக்குள் நுழைந்தது.

பயத்தில் வியாபாரம் உண்டு என்று உலகம் கண்டுகொண்டது அப்போதுதான். ஆனால், எல்லோரையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட முடியாது. சென்னையில் கே7, புனேயில் க்விக் ஹீல் என்று நம்மூரிலும் 90-களில் ஆன்ட்டி வைரஸ் எழுத உட்கார்ந்தார்கள். க்விக் ஹீலின் கைலாஷ் காட்கர் கால்குலேட்டர் ரிப்பேர் கடையிலிருந்து வந்தவர். நிஜமான வைரஸ்கள், நிஜமான வேலை.

இனி ஃபயர்வால். இதன் பிறப்பு ஃப்ளாப்பியில் இல்லை, கம்பியில். 1988 நவம்பர் 2. கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் மோரிஸ் ஒரு 'புழு'வை நெட்வொர்க்கில் விட்டார். யாரும் எதையும் திறக்க வேண்டாம், எந்த ஃப்ளாப்பியும் போட வேண்டாம். தானே கம்பி வழியாக ஊர்ந்து அடுத்த கம்ப்யூட்டருக்குப் போகும். அன்றைக்கு இன்டர்நெட்டில் இருந்த சுமார் 60,000 கம்ப்யூட்டர்களில் 6,000 திணறிப்போனதாக மதிப்பிட்டார்கள். கூரை வீடுகள் வரிசையாக இருக்கிற தெருவில் ஒரு வீட்டில் தீப்பிடித்தால் என்ன ஆகும்? அதேதான். நடுவில் ஒரு கல் சுவர் எழுப்பினால் தீ நிற்கும். கட்டடக் கலையில் அந்தச் சுவருக்குப் பெயர்தான் ஃபயர்வால். பெரிய கம்பெனிகள் தங்கள் நெட்வொர்க் வாசலில் அப்படியொன்றைக் கட்டிக்கொண்டன. வீட்டுக் கம்ப்யூட்டருக்கு இதெல்லாம் எதுக்கு என்று விட்டுவிட்டார்கள்.

இப்போது மறுபடி 2003. என்னை மூன்று நாள் ஆட்டி வைத்த அந்த ஆசாமியின் பெயர் பிளாஸ்டர். அதுவும் புழுதான். விண்டோஸில் 135-ம் எண் கதவு ஒன்று திறந்தே கிடந்தது, அதன் வழியாக நுழைந்தது. அந்த ஓட்டையை அடைக்கும் ஒட்டு ஜூலை 16-ம் தேதியே வெளியாகிவிட்டது. பிளாஸ்டர் கிளம்பியது ஆகஸ்ட் 11. நடுவே கிட்டத்தட்ட நான்கு வாரம்! நானும் உங்களை மாதிரிதான், 'அப்டேட்டா, அப்புறம் பார்க்கலாம்' என்று இருந்துவிட்டேன்.

வயிற்றெரிச்சல் இன்னொன்று. எக்ஸ்பி-க்குள்ளேயே ஒரு ஃபயர்வால் இருந்தது. 2001-லிருந்தே! ஆனால், அணைத்துவைத்து விற்றார்கள். எதிர்வீட்டுக் கல்லூரிப் பையன் வந்து, இணைய இணைப்பின் அமைப்புகளைத் திறந்து, ஒரு சின்னக் கட்டத்தில் டிக் போட்டான். அவ்வளவுதான். கெடு நின்றது. பிறகு நிதானமாக ஒட்டை இறக்கிப் போட்டோம். "இதுக்குக் காசு கிடையாதா?" என்று கேட்டேன். "அங்கிள், இது நீங்க வாங்கினப்பவே உள்ள இருக்கு" என்றான். ஒரு வருஷம் கழித்து, 2004 ஆகஸ்டில் வந்த சர்வீஸ் பேக் 2-ல்தான் மைக்ரோசாஃப்ட் அந்த டிக்கைத் தானே போட்டு அனுப்பியது.

சரி, இன்றைக்கு நீங்கள் என்ன செய்யலாம்? விண்டோஸ் 8 வந்த 2012-லிருந்து ஆன்ட்டி வைரஸும் உள்ளேயே வருகிறது. டிஃபெண்டர். ஃபயர்வாலும் கூடவே. சாதாரண வீட்டு உபயோகத்துக்கு இந்த இரண்டும் ஓடினாலே போதும் என்பது என் கட்சி. ஆனால், இயங்குதளம் உயிரோடு இருக்கணும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்தது. அதற்கு மேல் ஒட்டு வராத வீட்டில் எந்தச் சுவர் எழுப்பியும் பிரயோஜனம் குறைவு.

காசு கொடுத்துத்தான் வாங்குவேன் என்றால் தாராளமாக வாங்குங்கள். முதல் வருஷ விலையைப் பார்க்காதீர்கள், இரண்டாவது வருஷம் என்ன கேட்பார்கள் என்று பாருங்கள். ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவின் ஏவி-கம்பேரட்டிவ்ஸ் போன்ற சோதனைக்கூடங்களின் மதிப்பெண்களைப் பாருங்கள். ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு ஆன்ட்டி வைரஸ் போட்டு வைக்காதீர்கள். இரண்டு வாட்ச்மேன்களும் ஒருவரையொருவர் சட்டையைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். இலவசம் என்றால் கொஞ்சம் யோசியுங்கள். பயனாளிகள் எந்தெந்தத் தளம் பார்க்கிறார்கள் என்ற விவரத்தை விற்றதற்காக, 2024-ல் அவாஸ்ட் மீது அமெரிக்க வர்த்தக ஆணையம் 1 கோடியே 65 லட்சம் டாலர் விதித்தது. காவல்காரரே டைரியைப் படித்த கதை! 'உங்கள் கம்ப்யூட்டரில் 37 வைரஸ்' என்று திடீரெனக் குதிக்கிற விளம்பரத்தைத் தொடவே தொடாதீர்கள்.

எத்தனை விலை கொடுத்தாலும் நூற்றுக்கு நூறு பிடிக்கிற ஆன்ட்டி வைரஸ் கிடைக்காது. அது விற்பவரின் குறையல்ல. எல்லா வைரஸையும் பிழையில்லாமல் பிடிக்கும் ஒரு புரோகிராமை எழுதவே முடியாது என்று 80-களிலேயே ஃப்ரெட் கோஹன் கணித ரீதியாக நிரூபித்துவிட்டார். 2017 மே மாதம் வான்னாக்ரை வந்து பூட்டுப் போட்டுக் காசு கேட்டபோது, அதற்கான ஒட்டும் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சிலேயே, வந்துதான் இருந்தது. அன்றைக்குக் கல்யாண போட்டோ, பிள்ளைகளின் போட்டோ எல்லாம் திரும்பக் கிடைத்தது வேறொரு டிஸ்க்கில் இன்னொரு காப்பி வைத்திருந்தவர்களுக்குத்தான். அந்த டிஸ்க்கைக் கம்ப்யூட்டரிலேயே சொருகி வைத்திருந்தால் அதற்கும் சேர்த்துப் பூட்டு விழும். காப்பி எடுத்து முடிந்ததும் கழற்றி, பீரோவில் வைத்துவிடுங்கள்.