ஒரு மைக்ரான் பளபளப்பு

வல்லம் வடகாலில் ராயல் என்ஃபீல்டு ஆலை 2017-ல் உற்பத்தியைத் தொடங்கியது. புல்லட்டின் குரோம் மினுக்கத்தில் தலை சீவாதவர் யார்? ஆனால் வண்டிகளின் அலங்கார முலாமில் குரோமியம் ஒரு மைக்ரான்கூட இருக்காது. அடியில் நிக்கல்தான்.

வித்தை பழசு. 1805-ல் இத்தாலியின் புருன்யாத்தெல்லி, வோல்ட்டாவின் மின்கலத்தை வைத்து வெள்ளிப் பதக்கங்களுக்குத் தங்க முலாம் பூசினார். 1840-ல் பர்மிங்காமின் எல்கிங்டன்கள் காப்புரிமை வாங்கி அதைத் தொழிலாக்கினார்கள். நம்மூரில், அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்ச ரூபாயும் கொடுக்க, 1948-ல் காரைக்குடியில் நேரு அடிக்கல் நாட்டினார். மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953-ல் திறந்தது.

இந்தப் பெயர்களோடு வரலாற்றை முடிக்க எனக்கு மனசு வரவில்லை. குரோமிக் அமிலத் தொட்டியில் மின்சாரம் பாய்ந்ததும் குமிழிகள் கிளம்பும். அமிலத் துளிகள் புகைபோலக் காற்றில் ஏறும். அது பக்கத்தில் நிற்பவரின் மூக்குத் தண்டை ஓட்டையாக்கும், நுரையீரலில் புற்றுநோய் வரவைக்கும். முலாம் தொழிலாளர்களின் மூக்குப் புண்ணைப் பற்றி அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை 1928-லேயே எழுதிவிட்டது.

அலங்கார முலாமுக்கு, நச்சு குறைந்த மூவிணைதிறக் குரோமியக் கரைசல் இன்று இருக்கிறது. இரும்பைத் துருவிலிருந்து காப்பாற்றுகிற தொழில், ஆளையும் காப்பாற்றலாம். அடுத்த தடவை ஷோரூமில் மைலேஜ் கேட்கும்போது, இது எந்தத் தொட்டியில் முங்கி வந்தது என்றும் கேளுங்களேன்.