பயர்பாக்ஸ் தன் வீட்டையே மாற்றிக் கட்டிய கதை

பயர்பாக்ஸில் ‘அபவுட்:கான்ஃபிக்’ என்று ஒரு பக்கம் இருக்கு. பிரவுசரின் நூற்றுக்கணக்கான அமைப்புகளை அங்கே மாற்றலாம், மாற்றியது ‘ப்ரெஃப்ஸ்.ஜேஎஸ்’ கோப்பில் பதிவாகும். அந்தப் பக்கத்தின் பின்னால் இருக்கிற கதைதான் இன்றைக்கு.

1998-ல் நெட்ஸ்கேப் தன் மூலநிரலைத் திறந்துவிட்டது, மொஸில்லா பிறந்தது. ஒரே முகப்பு விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடணும். அன்றைய எச்டிஎம்எல் அதற்குப் போதவில்லை. அதனால் ‘ஸூல்’ என்ற மொழியையும், அதில் புதுப் புது உறுப்புகளைச் செய்ய ‘எக்ஸ்பிஎல்’லையும் அவங்களே உருவாக்கினாங்க. ஒருமுறை எழுதி எங்கும் பயன்படுத்துவது என்ற யோசனை அப்பவே இருந்துச்சு.

ஆனால் மற்ற பிரவுசர்கள் அதை ஏற்கல. 2011-ல் கூகுளின் அலெக்ஸ் ரஸ்ஸல் வெப் காம்பொனென்ட்ஸ் பற்றிப் பேசினார். 2018 அக்டோபரில் பயர்பாக்ஸ் 63 அதை ஆதரித்தது. எக்ஸ்பிஎல் உறுப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, அந்த இடத்தில் வெப் காம்பொனென்ட்ஸை வைத்தாங்க. 2019 டிசம்பரில், 71-ஆம் பதிப்பில், அபவுட்:கான்ஃபிக்கும் எச்டிஎம்எல்லுக்கு மாறியது.

இதற்கு ஒரு விலையும் இருந்தது. ஸூலை நம்பிய ஆட்-ஆன்கள் பிரவுசருக்குள் எதையும் தொடலாம். அதனாலேயே உள்ளே எதை மாற்றினாலும் ஏதாவது ஒன்று உடையும். 2017 நவம்பரில் 57-ஆம் பதிப்போடு அவை நின்னுபோச்சு. வருஷக்கணக்கா உழைச்சவங்களுக்கு அது பெரிய அடி.

சொந்தமா ஒரு லைப்ரரி கட்டுறது தப்பில்லை. உலகம் வேறு வழியில் போன பிறகும் அதைச் சுமக்க வேண்டியது நாமதான். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.