பிங்க் மினி பஸ் ஏன் காணாமல் போனது? புது பஸ் வரும்போது நாம் கேட்க வேண்டிய கேள்விகள்

ஆயர் ஈத்தாமில் 'பஸ்' என்று சொன்னால் இரண்டு வகை உண்டு. ஒன்று, கோலாலம்பூருக்கும் ஜொகூர் பாருவுக்கும் போகும் எக்ஸ்பிரஸ் பஸ். இன்னொன்று, பத்து பகாட், குளுவாங் பக்கம் போகும் சாதாரண உள்ளூர் பஸ். மேல்படிப்புக்கோ வேலைக்கோ ஊரை விட்டுக் கிளம்பும் பிள்ளைகள் இந்த இரண்டையும் நன்றாக அறிவார்கள்.

உங்கள் அப்பா அம்மா எண்பதுகளிலோ தொண்ணூறுகளிலோ கோலாலம்பூருக்குப் போயிருந்தால், மூன்றாவதாக ஒரு பஸ்ஸையும் சொல்வார்கள். புடுராயாவில் இறங்கி, கொஞ்சம் நடந்து, கூட்டத்தோடு கூட்டமாக முண்டியடித்து ஏறிய பிங்க் நிற மினி பஸ். சிரித்துக்கொண்டேதான் சொல்வார்கள். ஆனால் அதில் பயணம் செய்த அன்று பாதிப் பேர் திட்டியிருப்பார்கள்!

பழைய பஸ் போய் புது பஸ் வரும்போதெல்லாம் இந்தக் கதை ஏன் திரும்பத் திரும்பப் பேசப்படுகிறது? சுருக்கமாகப் பார்ப்போம்.

மினி பஸ் எப்போது வந்தது?

1975 செப்டம்பரில் கோலாலம்பூரில் மினி பஸ் சேவை தொடங்கியது. அப்போது ஸ்ரீ ஜெயா போன்ற நிறுவனங்களின் பெரிய பஸ்கள் நகரில் ஓடிக்கொண்டிருந்தன. ஆனால் வேலை தேடி நகரத்துக்கு வந்த மக்களின் எண்ணிக்கைக்கு அவை போதவில்லை. சின்ன பஸ் என்றால் குறுகிய சாலையிலும் நுழையும், சீக்கிரம் நிரம்பும், அடிக்கடி ஓட்டலாம். இதுதான் யோசனை.

எவ்வளவு தூரம் போனாலும் ஒரே கட்டணம். 40 காசில் தொடங்கி, கடைசிக் காலத்தில் 60 காசானது. செந்தூலிலோ பிரிக்பீல்ட்ஸிலோ குடியிருந்த ஒரு தொழிலாளி, மாதம் எவ்வளவு செலவாகும் என்று மனக்கணக்கிலேயே போட்டுவிடலாம்.

அப்படியென்றால் ஏன் நிறுத்தினார்கள்?

மினி பஸ்ஸுக்கு இன்னொரு முகமும் இருந்தது. படிக்கட்டு வரை ஆட்கள் தொங்குவார்கள். ஏசி கிடையாது. நேர அட்டவணை என்று பெரிதாக எதுவும் இல்லை. பஸ் நிரம்பினால் கிளம்பும், இல்லையென்றால் நிற்கும். ஒரே தடத்தில் ஓடும் இரண்டு பஸ்கள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு பறக்கும்.

ஓட்டுநர்கள் எல்லாரும் கெட்டவர்கள் என்பதாலா? இல்லை. அவர்களுடைய வருமானம் அன்றைய வசூலை நம்பி இருந்தது. அடுத்த நிறுத்தத்தில் நிற்கும் 10 பேரை முன்னால் போகும் பஸ் ஏற்றிக்கொண்டால், பின்னால் வருபவருக்கு வருமானம் இல்லை. அதனால் ஓட்டினார்கள், விரட்டினார்கள். வேகம் ஓட்டுநரின் குணத்திலிருந்து வந்ததைவிட, அவருக்குச் சம்பளம் வந்த முறையிலிருந்து வந்தது. இந்த விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1998-இல் மினி பஸ் சேவை நிறுத்தப்பட்டது. கோலாலம்பூர் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிகளை நடத்திய ஆண்டும் அதுவே. எல்ஆர்டி ரயில் 1996 கடைசியிலேயே ஓடத் தொடங்கியிருந்தது. நகரம் தன்னை நவீனமாகக் காட்ட விரும்பிய காலம்.

புது பஸ்கள் என்ன ஆயின?

மினி பஸ்ஸின் இடத்தை இன்ட்ராகோத்தா, சிட்டிலைனர் ஆகிய நிறுவனங்களின் பெரிய பஸ்கள் பிடித்தன. ஏசி இருந்தது. இருக்கை நன்றாக இருந்தது. கண்டக்டர் இல்லாமல், ஓட்டுநர் ஒருவரே பஸ்ஸை ஓட்டிக் கட்டணத்தையும் வாங்கும் முறை வந்தது.

ஆனால் ஒன்று மட்டும் மாறவில்லை. பஸ் ஓடும் செலவைப் பயணிகளின் டிக்கெட் பணம்தான் ஈடுகட்ட வேண்டும் என்ற ஏற்பாடு அப்படியே இருந்தது. அந்த நேரம் பார்த்து 1997-98 ஆசியப் பொருளாதார நெருக்கடியும் வந்தது. புது பஸ் வாங்கிய கடன் ஒரு பக்கம், சொந்தமாக மோட்டார் சைக்கிளும் காரும் வாங்கிவிட்ட பயணிகள் இன்னொரு பக்கம். நிறுவனங்கள் கடனில் மூழ்கின. கடைசியில் அரசாங்கம் பிரசாரானா மூலம் பஸ்களைத் தன் கைக்குள் கொண்டுவந்தது. 2004-இல் ரேபிட் கேஎல் பிறந்தது அப்படித்தான்.

ஆக, மினி பஸ்ஸை நிறுத்தி ஆறே ஆண்டுகளில், அதற்குப் பதிலாக வந்த சேவையையே மாற்ற வேண்டியதாயிற்று.

வேறு ஊர்களிலும் இப்படி நடந்ததா?

நடந்தது. மால்டா என்ற சின்னத் தீவு நாட்டில், ஓட்டுநர்களே உரிமையாளர்களாக இருந்து, ஆசை ஆசையாக அலங்கரித்து ஓட்டிய பழைய பஸ்கள் இருந்தன. சுற்றுலாப் பயணிகள் அவற்றைப் படமெடுக்கவே வருவார்கள். 2011 ஜூலை 3-ஆம் தேதி அவை ஒரே நாளில் விலக்கப்பட்டு, அரைவா நிறுவனத்தின் நவீன பஸ்கள் இறக்கப்பட்டன. தடங்களும் மாறின. தாமதம், குழப்பம், மக்கள் கோபம். சில நீளமான இணைப்பு பஸ்கள் தீப்பிடித்ததால் 2013-இல் அந்த வகையே நிறுத்தப்பட்டது. 2014 தொடங்கியபோது அரைவா வெளியேறியிருந்தது.

மும்பையில் வேறு மாதிரி. 1937 முதல் ஓடிய சிவப்பு மாடி பஸ்களுக்கு அங்கே பெரிய ரசிகர் கூட்டம் உண்டு. கடைசி டீசல் மாடி பஸ் 2023 செப்டம்பர் 15-ஆம் தேதி ஓடியது. பயணிகள் பூமாலை போட்டு வழியனுப்பினார்கள். ஆனால் அதற்கு முன்பே, அதே ஆண்டு பிப்ரவரியில், மின்சார ஏசி மாடி பஸ்கள் ஓடத் தொடங்கிவிட்டன. பழையது போவதற்கு முன்பே புதியது சாலையில் இருந்தது.

பழைய பஸ்ஸை வைத்திருக்கவே கூடாதா?

பாசம் ஒரு பக்கம் இருக்கட்டும். உயரமான மூன்று படிக்கட்டில் ஏற முடியாத பாட்டியை யோசித்துப் பாருங்கள். சக்கர நாற்காலியில் இருக்கும் ஒருவருக்கு அந்த 60 காசு மினி பஸ் இலவசமாக ஓடியிருந்தாலும் பயன் இல்லை. தாழ்தள பஸ் என்பது ஆடம்பரம் கிடையாது. அவர்களைப் பொறுத்தவரை அதுதான் பஸ். லண்டனின் புகழ்பெற்ற ரூட்மாஸ்டர் பஸ்கள் 2005-இல் வழக்கமான சேவையிலிருந்து விலக்கப்பட்டதற்கும் இது ஒரு முக்கியக் காரணம்.

புகையும் இருக்கிறது. பழைய டீசல் எஞ்சின் விடும் கரும்புகையை, நிறுத்தத்தில் காத்திருப்பவர்கள்தான் முதலில் சுவாசிக்கிறார்கள். எனவே பழைய வண்டி போக வேண்டியதுதான். அதோடு சேர்ந்து வேறு எதெல்லாம் போகிறது என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

இது ஆயர் ஈத்தாமுக்கு ஏன் முக்கியம்?

சின்ன ஊர்களில் உள்ளூர் பஸ் மெதுவாகத்தான் சாகும். முதலில் பயணிகள் குறைவார்கள். வசூல் குறைந்ததும் நிறுவனம் ஒரு நடையைக் குறைக்கும். காத்திருக்கும் நேரம் கூடியதும் இன்னும் சிலர் மோட்டார் சைக்கிளுக்கு மாறுவார்கள். மறுபடியும் வசூல் குறையும். கடைசியில் வேறு வழியே இல்லாதவர்கள் மட்டும் நிறுத்தத்தில் நிற்பார்கள்: வயதானவர்கள், லைசென்ஸ் இல்லாத மாணவர்கள், அந்நியத் தொழிலாளர்கள்.

இந்தச் சுழலை உடைக்கத்தான் மலேசியாவில் இப்போது வேறொரு முறை பல நகரங்களில் வந்திருக்கிறது. ஆபாட் எனப்படும் தரைப் பொதுப் போக்குவரத்து நிறுவனத்தின் கீழ் ஓடும் 'பாஸ்.மை' பஸ்களை நீங்கள் சிரம்பானிலோ ஈப்போவிலோ ஜொகூர் பாருவிலோ பார்த்திருக்கலாம். இதில் அரசாங்கம் ஒப்பந்தப்படி சேவைக்குப் பணம் கொடுக்கிறது. பஸ்ஸில் 5 பேர் இருந்தாலும் 50 பேர் இருந்தாலும், சொன்ன நேரத்துக்கு, சொன்ன தடத்தில் ஓட வேண்டியது நிறுவனத்தின் கடமை. அன்றைய வசூலுக்காகப் பறக்கவும் வேண்டாம், நடையைக் குறைக்கவும் வேண்டாம். மேலே ஞாபகம் வைக்கச் சொன்னோமே, அந்தச் சிக்கலுக்கான மருந்து இதுதான்.

செலவு அரசாங்கத்துடையது என்பதால், எந்த ஊருக்கு எத்தனை பஸ் என்பதும் அரசாங்கத்தின் முடிவாகிறது. அப்போது சின்ன ஊரின் குரல் கேட்கிறதா என்பது பெரிய விஷயம்.

புது பஸ் வருகிறது என்றால் என்ன கேட்கலாம்?

• பழைய தடம் முழுவதும் இருக்கிறதா, அல்லது பெரிய சாலையோடு முடிகிறதா? பெரிய பஸ் நுழைய முடியாத கம்பத்துக்கும் தோட்டத்துக்கும் என்ன ஏற்பாடு?

• எத்தனை நிமிடத்துக்கு ஒரு பஸ்? கடைசி பஸ் எத்தனை மணிக்கு?

• கட்டணத்தை அட்டையில் மட்டும்தான் செலுத்த முடியுமா? காசை மட்டுமே கையில் வைத்திருக்கும் தாத்தா என்ன செய்வார்?

• பழுதானால் மாற்று பஸ் உண்டா? பராமரிப்புக்கு ஒப்பந்தத்தில் பணம் ஒதுக்கியிருக்கிறார்களா?

• பழைய சேவையின் ஓட்டுநர்களுக்குப் புதியதில் வேலை உண்டா?

திறப்பு விழாப் படங்களில் பஸ்ஸின் நிறமும் ஏசியும் யூஎஸ்பி சார்ஜரும் தெரியும். இந்தக் கேள்விகளுக்கான பதில் தெரியாது. அதைச் சட்டமன்ற உறுப்பினரிடமும் ஊராட்சி மன்றத்திடமும் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

பாரிட் ராஜாவில் இருக்கும் துன் ஹுசேன் ஓன் பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஒரு மாணவி, சாயங்கால வகுப்பு முடிந்து ஆயர் ஈத்தாமுக்குத் திரும்ப வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பஸ் பிங்க் நிறமா, நீல நிறமா, டீசலா, மின்சாரமா என்பதெல்லாம் அவருக்கு அப்புறம்தான். வகுப்பு முடியும் நேரத்துக்குப் பிறகும் ஒரு பஸ் இருக்கிறதா? அவர் முதலில் பார்ப்பது அதைத்தான். நீங்களும் அதையே முதலில் கேளுங்கள்.