பிளக்இன் போச்சு, ஃபைல் நின்னுச்சு

பிரவுசருக்குள்ள முப்பரிமாணம்னா, 2011 மார்ச்ல வெப்ஜிஎல் 1.0 வந்த பிறகுதான்னு பலரும் நினைக்கிறோம். அதுக்கு 17 வருஷம் முன்னாடியே கதை ஆரம்பிச்சிடுச்சு.

1994 மே மாதம், ஜெனீவாவில் முதல் உலகளாவிய வலை மாநாடு. மார்க் பெஷி, டோனி பாரிசி குழுவினரின் முப்பரிமாண முயற்சி அங்கே பேசப்பட்டது. அதிலிருந்து பிறந்ததுதான் விஆர்எம்எல். சிலிக்கான் கிராஃபிக்ஸ் நிறுவனத்தின் ஓபன் இன்வென்டர் ஃபைல் வடிவம் இதற்கு அடித்தளம். 1997இல் இது ஐஎஸ்ஓ தரமாகவே ஆனது.

ஆனா பிரவுசருக்கு இது புரியாது. காஸ்மோ பிளேயர் மாதிரி ஒரு பிளக்இன் போடணும். அந்த பிளக்இன்களுக்கான கதவையே பிற்பாடு மூடிட்டாங்க: குரோம் 2015இல், ஃபயர்பாக்ஸ் 2017இல்.

அப்போ பழைய உலகங்கள் எல்லாம் போச்சா? அதைப் பார்க்கத்தான் சில பழைய ஃபைல்களை எடுத்தேன். நோட்பேடில் திறந்தா, சாதாரண எழுத்து! இங்கே ஒரு பெட்டி, அதுக்கு இந்த நிறம், இந்த இடத்தில் ஒரு விளக்குன்னு வரிசையா எழுதியிருக்கு. எக்ஸ்-ஐட் என்கிற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தில் கொடுத்தேன். பிளக்இன் இல்லாமலே, வெப்ஜிஎல் மேல அந்த அறை எழுந்து நின்னுச்சு.

எல்லாமே பிழைக்கலை. வெளியே இருந்த ஜாவா ஆப்லெட் பிளக்இன்கிட்ட பேசி இயக்கின கதவுகள் அசையவே இல்லை. சுவர் இருக்கு, நடமாட்டம் இல்லை.

2009இல் கூகுள் கொண்டுவந்த ஓ3டி இன்னும் தெளிவான உதாரணம். அதில் காட்சியை உருவாக்குறதே பிளக்இனுக்குப் போகும் கட்டளைகள்தான். 2010லயே கூகுள் பிளக்இனைக் கைவிட்டு, அதை வெப்ஜிஎல் மேல் ஓடுற ஜாவாஸ்கிரிப்ட் நூலகமா மாத்தப்போறதா அறிவிச்சது. பழைய பிளக்இனை நம்பி எழுதின பக்கங்கள் அப்படியே நின்னுபோச்சு.

எனக்குப் புரிஞ்சது இதுதான். "என்ன இருக்கு"ன்னு எழுதி வச்சது பிழைக்குது. "இதைச் செய்"னு ஒரு மென்பொருளுக்கு இட்ட கட்டளை, அந்த மென்பொருளோடயே போயிடுது. இன்னைக்கு த்ரீ.ஜேஎஸ்ல வேலை பார்க்குறவங்களும் காட்சியை ஜிஎல்டிஎஃப் மாதிரி ஒரு திறந்த வடிவத்தில் தனியா எடுத்து வச்சுக்கோங்க. இருபது வருஷம் கழிச்சு யாராவது திறந்து பார்ப்பாங்க.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.