தெர்மல் பேஸ்ட்

மடிக்கணினியின் சிப்புக்கும் அதன்மேல் அமரும் செம்புத் தகட்டுக்கும் நடுவே தடவப்படும் பசை. சிலிக்கோன் எண்ணெயில் துத்தநாக ஆக்சைடு, அலுமினா போன்ற நுண்தூள்களைக் குழைத்துச் செய்வது. வழுவழுப்பாகத் தெரியும் பரப்புகளிலும் நுண்ணிய பள்ளங்கள் உண்டு. அவற்றில் தங்கும் காற்று வெப்பத்தைக் கடத்துவதில் படுமோசம். அந்தக் காற்றை விரட்டுவதே பசையின் வேலை. செம்பளவுக்கு இது வெப்பத்தைக் கடத்தாது. அப்பிவிட்டால் பயன் குறையும்.

குமாரலிங்கபுரம் போன்ற வானம் பார்த்த கரிசல் ஊர்களின் அரசுப் பள்ளி மாணவர்களுக்கும் மடிக்கணினியைக் கொண்டுசேர்த்தது, 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம். கொள்முதல் அரசு நிறுவனமான எல்காட்டின் பொறுப்பாக இருந்தது. கரிசல் புழுதிக்கும் கோடைக்கும் எந்தக் கணினியும் விலக்கல்ல. அறையே 40 பாகையை நெருங்கும்போது விசிறி இழுப்பதும் அனல்காற்றுதான். நூற்பாலை, தறி உள்ள அருப்புக்கோட்டைப் பக்கம் பஞ்சுத் தூசியும் சேர்ந்து காற்றுவழியை அடைக்கும்.

ஆகவே மடிக்கணினி சூடேறினால், பசையைப் பழிக்குமுன் தூசியைத் தட்டிப் பார்ப்பதே முறை.

சிப் 100 பாகையை ஒட்டினால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். விசிறி இரையும், திரை திணறும். தூசி போன பின்பும் இதே கதை என்றால், பசை உலர்ந்தோ ஓரங்களுக்கு ஒதுங்கியோ இருக்கலாம். பழையதை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டுப் புதிதாய்ப் பூச வேண்டும். சிலர் பற்பசையைத் தடவிப் பார்ப்பதுண்டு. அதிலுள்ள நீர் வற்றியதும் பழைய நிலைதான். காலியம் கலந்த திரவ உலோகம் வெப்பத்தை நன்றாகவே கடத்தும். ஆனால் அலுமினியத்தில் பட்டால் அதை அரித்துவிடும். பலகையில் சிந்தினால் ஷார்ட் சர்க்யூட்.