மின்மோட்டாருக்குத் தயாரான ஊர்

சிறு, நடுத்தரத் தொழிற்கூடங்கள் டிஜிட்டல் முறைக்கு எவ்வளவு தயாராக உள்ளன என்று அளந்து பார்ப்பது இன்று உலகெங்கும் நடக்கிறது. ஜெர்மனியின் அகாடெக் அமைப்பு 2017ல் இதற்கென ஆறு படிநிலைகளை வகுத்தது; அதே ஆண்டு சிங்கப்பூர் 16 கூறுகள் கொண்ட ஒரு குறியீட்டை வெளியிட்டது. கணினி இருக்கிறதா, இயந்திரங்களிலிருந்து தரவு வருகிறதா, அதைப் படித்து முடிவெடுக்கத் தெரிந்தவர்கள் உண்டா என்ற கேள்விகளெல்லாம் நியாயமானவையே. ஆனால் இவற்றுக்கான விடையைத் தனித்தனிப் பட்டறைக்குள் மட்டும் தேடுவது போதாது. ஒரு சிறு பட்டறையின் தயார்நிலையில் பெரும்பகுதியை அதைச் சுற்றியுள்ள ஊர்தான் உருவாக்குகிறது என்பதற்குக் கோயம்புத்தூரின் வரலாறே சாட்சி.

கோவையில் 1888லேயே ஸ்டேன்ஸ் பஞ்சாலை வந்துவிட்டது. என்றாலும் ஆலைகள் பெருகியது 1930களில், பைக்காரா நீர்மின்சாரம் வந்த பிறகுதான். மழை குறைந்த அந்தச் சீமையில் கம்போடியா பருத்தி கிணற்றுப் பாசனத்தை நம்பியிருந்தது. மாடு பூட்டிக் கவலை இறைத்த ஆழ்கிணறுகளுக்கு மோட்டார் பம்பு தேவைப்பட்டது. 1937ல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் உருவாக்கிய மின்மோட்டார், இந்தியாவில் செய்யப்பட்ட முதல் மோட்டார் என்று பெயர் பெற்றது. அந்தச் சாதனை தனித்து நிற்கவில்லை. 1926ல் தொடங்கிய பி.எஸ்.ஜி. தொழிற்பயிற்சி நிலையமும் 1945ல் வந்த ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக்கும் கைத்திறன் உள்ளவர்களை உருவாக்கின. ஒரு பம்பின் வார்ப்படம் ஓரிடத்திலும், கடைசல் வேறிடத்திலும், காயில் சுற்றுவது இன்னோரிடத்திலும் நடந்தது. ஒற்றை லேத் வைத்திருந்தவராலும் மோட்டார் யுகத்தில் பங்கேற்க முடிந்தது; அவரிடம் இல்லாதது அடுத்த தெருவில் இருந்தது.

அளவிடுவதிலும் இந்த ஊருக்கு முன்னனுபவம் உண்டு. ஆலைகள் ஒன்றுகூடி 1956ல் நிறுவிய சிட்ரா ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம், உறுப்பு ஆலைகளின் உற்பத்தித்திறனை ஒப்பிட்டு ஆய்வுகள் நடத்தியது. ஓர் ஆலை தன் நிலையை மற்றவற்றோடு வைத்துப் பார்க்கவும், குறையை நீக்க அதே நிறுவனத்தின் யோசனையைப் பெறவும் வழி கிடைத்தது. சிறு தொழில்களுக்கு 1969ல் கொடிசியா சங்கம் பிறந்தது. பின்னர் பம்பு, மோட்டார்களைச் சோதித்துச் சான்றளிக்கத் தொழில் சங்கங்களின் முயற்சியில் சிட்டார்க் வந்தது. தனியொருவர் வாங்க முடியாத சோதனைக் கருவிகள் இப்படித்தான் பலருக்குப் பொதுவாயின.

லேத் கண்ணுக்குத் தெரியும், வேலையாள் பட்டறை மாறும்போது வித்தையும் கூடவே போகும். தரவு அப்படிப் பரவாது என்று ஒருவர் மறுக்கலாம். உண்மைதான். அதனாலேயே பொது ஏற்பாடு முன்னைவிட அதிகம் தேவைப்படுகிறது. இல்லையென்றால், சரக்கு வாங்கும் பெரிய நிறுவனம் தருகிற மென்பொருளே சிறு பட்டறைக்குக் கதி. அரசு கட்டாயப்படுத்தினால் எல்லோரும் மாறிவிடுவார்கள் என்பது இன்னொரு வாதம். ஜி.எஸ்.டி. மின்விலைப்பட்டியல் 2020 அக்டோபரில் 500 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்குக் கட்டாயமாகி, 2023 ஆகஸ்டில் 5 கோடி வரை இறங்கியது. அந்தக் கட்டாயம் கணக்கு மேசையை மாற்றியது. எந்த இயந்திரம் எவ்வளவு நேரம் சும்மா நிற்கிறது என்பதை அது யாருக்கும் சொல்லவில்லை. 5 கோடியை எட்டாத ஜாப் ஒர்க் பட்டறைகள் அதன் வரம்புக்குள்ளேயே வரவில்லை. பழைய பொது நிறுவனங்களின் பலன் எல்லோருக்கும் சமமாகக் கிட்டியதா என்ற கேள்வியே இவற்றில் கனமானது. நிலமும் மூலதனமும் இருந்தவர்களே அன்று முந்திக்கொண்டார்கள். புதிய ஏற்பாடு கடைசிப் படியில் நிற்பவரிடமிருந்து தொடங்க வேண்டும் என்பதே அதன் பாடம்.

ஆகவே, பட்டறைக்காரரிடம் கேள்வித்தாளை நீட்டும் முன் அதிகாரிகளும் சங்கங்களும் தங்களையே சில கேள்விகள் கேட்டுக்கொள்ள வேண்டும். பொதுச் சோதனைக்கூடமும் தமிழில் பயிற்சியும் இங்கே உண்டா? பழைய லேத்தில் உணரி பொருத்தித் தர ஆள் உண்டா? சேரும் தரவு பட்டறைக்கே சொந்தமா? இவற்றுக்கு ஆம் என்று சொல்ல முடியாத ஊரில், தயாராக இல்லை என்ற மதிப்பெண்ணைச் சிறு முதலாளியின் தலையில் மட்டும் கட்டுவது நியாயமாகாது.